நெப்திஸ் சாவின் தெய்வமா, சாவுக்கு அழுபவளா?

நீங்கள் கேட்டிருப்பவை மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். நெப்திஸ் என்பவள் எகிப்தியரின் எமனா என்பது முதலாவது. கணவன் சேத்துக்குத் தெரியாமல் அவன் அண்ணன் ஒசைரிஸோடு கூடி அனுபிஸைப் பெற்றவள் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே, அது உண்மையா என்பது இரண்டாவது. அவளுக்கென்று எங்காவது கோயில் இருந்ததா என்பது மூன்றாவது. ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது கடைசி வரியில்தான் இருக்கிறது: “இப்படி ஒரு கதை உள்ளவளைப் போய் அரசர்களின் சவப்பெட்டிக்கு ஏன் காவல் வைத்தார்கள்?” அந்த உறுத்தல் நியாயமானதே. ஆனால் அந்தக் கதை முதலில் தோன்றியது, அதன் பிறகுதான் அவளைச் சவப்பெட்டியில் வரைந்தார்கள் என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. கிடைத்துள்ள சான்றுகளைக் கால வரிசையில் அடுக்கினால் நிலைமை நேர் எதிராக இருக்கிறது. ஆகவே எந்தச் செய்தி எந்தக் காலத்தது என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அதிலேயே விடை வரும்.

பண்டைய எகிப்து வரலாற்றையும் நடு எகிப்திய மொழியையும் முறையாகப் படித்து, பல ஆண்டுகளாக அவற்றைக் கற்பித்து வருகிறேன். சித்திர எழுத்தில் இருப்பதை என்னால் மூலத்திலேயே படிக்க முடியும். பிற்கால எகிப்தியரின் தெமோதிக், காப்டிக் எழுத்துகளில் உள்ளவற்றுக்கு மற்ற அறிஞர்களின் பதிப்புகளையே நம்பியிருக்கிறேன். இங்கே நான் தரும் மேற்கோள்கள் எல்லாம் பொருளை ஒட்டிய என் தமிழாக்கங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெப்திஸைப் பற்றிய மிகப் பழைய எழுத்துகளில் ஒரு பகுதி, சக்காராவில் உள்ள உனாஸ் மன்னனின் பிரமிடுச் சுவர்களில், ஏறத்தாழ கி.மு. 2350-இல் வெட்டப்பட்டது. நீங்கள் கேட்ட கள்ளக் காதல் கதையை விரிவாகச் சொல்லும் புளூட்டார்க் என்னும் கிரேக்கர் எழுதியது கி.பி. 100-க்குப் பிறகு. சங்கப் பாடல்களுக்கும் நமக்கும் இடையே உள்ள காலத்தை விட இது பெரிய இடைவெளி. காணொளிகளில் இந்த இரு முனைகளையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள்.

பெயரிலிருந்து தொடங்கலாம். நெப்திஸ் என்பது கிரேக்கர் வாயில் திரிந்த வடிவம். எகிப்திய மொழியில் அவள் பெயர் நெபெத்-ஹூத். ‘நெபெத்’ என்றால் தலைவி, உடையவள். ‘ஹூத்’ என்பது சாதாரணக் குடியிருப்பைக் குறிக்கும் சொல் அன்று. மதில் சூழ்ந்த பெருமனை, அரண்மனை, கோயில் வளாகம் போன்றவற்றுக்கு வழங்கிய சொல். எனவே சில தளங்களில் காணப்படும் ‘இல்லத்தரசி’ என்ற மொழிபெயர்ப்பு அவளை அடுப்படிக்குள் தள்ளிவிடுகிறது. ‘பெருமனைத் தலைவி’ என்பதே பொருத்தம். ஓவியத்தில் அவள் தலைமேல் இருப்பது கிரீடம் அன்று, அவள் பெயரேதான்: கீழே ஹூத் என்னும் மனையின் குறி, அதன் மேல் நெப் என்னும் கூடையின் குறி. இதே முறையில் அவள் அக்கா ஐசிஸின் தலைமேல் அரியணையின் குறி இருக்கும். முகம், உடை, நிற்கும் நிலை எல்லாம் இருவருக்கும் ஒன்றாகவே இருப்பதால், தலைக்கு மேல் சிதைந்துபோன ஓவியங்களில் யார் அக்கா, யார் தங்கை என்று சொல்வது கடினம்.

அக்கா, தங்கை என்றது ஹீலியோபொலிஸ் நகரத்துப் பூசாரிகள் வகுத்த ஒன்பது தெய்வங்களின் வரிசையை ஒட்டி. ஆத்தும், அவனிலிருந்து ஷு, தெப்நூத், அவர்களுக்கு நிலமாகிய கேபும் வானமாகிய நூத்தும், இந்த இருவருக்கும் ஒசைரிஸ், ஐசிஸ், சேத், நெப்திஸ். எகிப்தியர் முந்நூற்றறுபது நாள் கொண்ட ஆண்டின் இறுதியில் ஐந்து நாள்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவை இந்த நால்வரோடு மூத்த ஹோரஸும் சேர்ந்த ஐவரின் பிறந்த நாள்கள், ஐந்தாவதும் கடைசியுமான நாள் நெப்திஸுக்கு உரியது. நால்வரும் உடன்பிறந்தவர்கள் என்பதையும், தெய்வக் குடும்பத்தில் உடன்பிறந்தாரே இணையராவது வழக்கம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்; இல்லாவிட்டால் உறவுமுறை குழப்பும்.

இனி முதல் கேள்வி. எமன் உயிரைக் கவர்பவன். எகிப்தில் அந்த வேலையைச் செய்பவள் நெப்திஸ் அல்லள். இறந்தவனின் இதயத்தைத் தராசில் இட்டு நிறுப்பது அனுபிஸ். முடிவை எழுதிக்கொள்வது தோத். தவறியவனின் இதயத்தை விழுங்கக் காத்திருப்பது முதலைத் தலை கொண்ட அம்மித். இறந்தோர் உலகின் அரசனாக வீற்றிருப்பது ஒசைரிஸ். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள ஹூனெபரின் சுவடியில், கி.மு. 1275 வாக்கில் தீட்டப்பட்ட தீர்ப்புக் காட்சியைப் பாருங்கள். ஐசிஸும் நெப்திஸும் ஒசைரிஸின் அரியணைக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் எடை போடவில்லை, விசாரிக்கவில்லை, தண்டிக்கவில்லை. தம்பி சேத்தால் கொல்லப்பட்ட அண்ணன் மறுபடியும் எழுந்து அமர்ந்திருக்கிறான் என்றால் அது அந்த இருவரால்தான் என்பதற்கு அடையாளமாக நிற்கிறார்கள்.

எழுப்பியது எப்படி என்பதில்தான் நெப்திஸின் முழுப் பொருளும் இருக்கிறது. ஆறாம் அரசமரபைச் சேர்ந்த முதலாம் பெப்பியின் பிரமிடில் ஒரு பகுதி இப்படிப் போகிறது: ஐசிஸ் வருகிறாள், நெப்திஸ் வருகிறாள், ஒருத்தி மேற்கிலிருந்து, மற்றவள் கிழக்கிலிருந்து, ஒருத்தி அலறும் பறவையாக, மற்றவள் பருந்தாக, தம்பி சேத் நெதித் கரையில் வீழ்த்திய ஒசைரிஸை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வரிகள் இன்னும் முக்கியமானவை. அவன் உடல் அழுகிவிடாமல், அழுகல் நீர் மண்ணில் வடிந்துவிடாமல் அவர்கள் தடுக்கிறார்கள் என்கிறது பாடல். அழுவதும் உடலைக் கெடாமல் காப்பதும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. வேறொரு பிரமிடுப் பாடலில் நெப்திஸ் சிதறிக் கிடந்த உறுப்புகளை ஒன்றுசேர்ப்பவளாக வருகிறாள்; அந்த வேலைக்காகவே அவளுக்கு அங்கே, அளவெடுத்துக் கட்டுவோரின் தெய்வமான செஷாத்தின் பெயரும் சூட்டப்படுகிறது. இன்னொன்றில், இறந்தவனை எழுந்திருக்கச் சொல்லும்போது, உன்னைச் சுற்றியிருப்பவை கட்டுகள் அல்ல, நெப்திஸின் கூந்தல் என்று வருகிறது. மம்மியைச் சுற்றிய துணிப் பட்டைகளைத் தலைவிரிகோலமாக அழும் தங்கையின் முடியாகக் கண்ட அந்தக் கற்பனையை முதன்முறை வகுப்பில் படித்தபோது நான் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றும் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

பருந்து ஏன் என்று பலர் கேட்பார்கள். பாடலில் ‘ஜெரெத்’ என்று வரும் சொல்லைப் பருந்து என்று கொள்வதில் அறிஞரிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் ‘அலறும் பறவை’ என்று நான் மொழிபெயர்த்த மற்றச் சொல் எந்தப் பறவையைக் குறிக்கிறது என்பது உறுதிப்படவில்லை. எகிப்திய நகரங்களின் மேல் வட்டமிடும் பருந்து, சென்னை வானத்தில் நாம் காணும் கரும்பருந்துக்கு மிக நெருங்கிய உறவு. அதன் நடுங்கும் நீண்ட கூவலைக் கேட்டவர்களுக்கு ஒப்பாரியின் இழுவை நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. அது மேலிருந்து எதையோ தேடிக்கொண்டே சுற்றுவதும், இறந்ததைக் கண்டதும் இறங்குவதும் தொலைந்த உடலைத் தேடும் சகோதரிகளுக்குப் பொருந்துகிறது என்பது என் ஊகம். எகிப்தியர் யாரும் அப்படிக் காரணம் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருப்பது வேறு: பிரமிடுகள் எழுந்த ‘பழைய அரசு’க் காலம் தொட்டே, இழவு ஊர்வலத்தில் உடலுக்கு முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு பெண்களுக்குப் ‘பெரிய பருந்து’, ‘சிறிய பருந்து’ என்றே பட்டம். பெரியது ஐசிஸ், சிறியது நெப்திஸ். மேற்குக் கரைக்குச் செல்லும் படகில் உடலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அவர்கள் இருப்பதைக் கல்லறை ஓவியங்களில் காணலாம்.

எகிப்தில் இழவுக்கு அழுவது பொதுவாக எப்படி இருந்தது என்பதற்கு ஹெரோடோட்டஸ் சாட்சி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தைச் சுற்றிப் பார்த்த அவர், மதிப்புள்ள ஒருவர் இறந்தால் அந்த வீட்டுப் பெண்கள் தலையிலும் முகத்திலும் சேற்றைப் பூசிக்கொண்டு, மார்பைத் திறந்தபடி அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்ததை எழுதியிருக்கிறார். அவருக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தீப்ஸ் நகரத்து அமைச்சர் ராமோஸின் கல்லறைச் சுவரில் வெள்ளை உடுத்த பெண்கள் கூட்டமாகக் கைகளை உயர்த்தி, கன்னத்தில் கண்ணீர்க் கோடுகளோடு அழுகிறார்கள். இவர்கள் ஊரார், உறவினர். இரண்டு பருந்துகளும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்கள் அல்லர். ஊரார் அழுகை துயரத்தின் வெளிப்பாடு. பருந்துகளின் அழுகை ஒரு வேலை, விளைவை உண்டாக்க வேண்டிய சடங்கு. இறந்தவரை ஒளி பொருந்திய ‘ஆக்’ என்னும் நிலைக்கு உயர்த்தும் பாடல்களுக்கு எகிப்தியர் தனிப் பெயரே வைத்திருந்தார்கள்; இந்தச் சகோதரிகளின் ஒப்பாரி அந்த வகையைச் சேர்ந்தது.

அந்த ஒப்பாரிகளில் இரண்டு முழுமையாகக் கிடைத்திருக்கின்றன. முதலாவது, பிரெம்னர்-ரிண்ட் சுவடி என்று அழைக்கப்பட்டு இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருப்பது. அதில் உள்ள குறிப்பு மகா அலெக்சாந்தரின் மகனுடைய பன்னிரண்டாம் ஆட்சியாண்டைச் சொல்வதால் கி.மு. 305 வாக்கில் வைக்கலாம். அதன் தொடக்கமே ‘இரு பருந்துகளின் விழா’ என்று பெயர் சொல்கிறது. வெள்ளப் பருவத்தின் நான்காம் மாதத்தில் 22-ஆம் நாள் முதல் 26-ஆம் நாள் வரை ஒசைரிஸ் கோயிலில் நடக்க வேண்டிய விழா அது. பாடும் இரு பெண்களும் ஆண் தொடர்பு அறியாதவர்களாக இருக்க வேண்டும். உடல் மயிர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். தலையில் பொய்முடி, கையில் சிறுபறை, தோளில் ஒருத்திக்கு ஐசிஸ் என்றும் மற்றவளுக்கு நெப்திஸ் என்றும் எழுதப்பட்ட பெயர். இரண்டாவது, பெர்லினில் உள்ள சுவடி. அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி அரசர் காலத்தைச் சேர்ந்த இது, தெந்த்ரூதி என்னும் பெண்ணுக்காக எழுதப்பட்ட ‘இறந்தோர் நூல்’ என்னும் மந்திரத் தொகுப்பின் இறுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒசைரிஸ் கோயிலுக்கு உரிய பாடல், சாதாரணக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் சாவுக்கும் இரவல் வாங்கப்பட்டிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. இங்கேயும் குறிப்புகள் நுணுக்கமானவை: இரு பெண்களும் மண்டபத்தின் தலைவாயிலில் தரையில் அமர்ந்து முகம் கவிழ்ந்திருக்க வேண்டும், வலக் கையில் நீர் நிறைந்த மெருகுக் குடம், இடக் கையில் மெம்பிஸ் நகரத்து அப்பம், பகலின் மூன்றாம் மணியிலும் எட்டாம் மணியிலும் பாட வேண்டும்.

பெர்லின் சுவடியில் ஐசிஸ் தொடங்கி வைக்க, இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். “உன் வீட்டுக்கு வா, உன் வீட்டுக்கு வா” என்பது திரும்பத் திரும்ப வரும் அடி. நெப்திஸின் முறை வரும்போது அவள் சொல்வதன் பொருள் இது: நல்ல அரசனே, வீட்டுக்கு வா, உன் பகைவர் எவரும் இல்லை, உன் சகோதரியர் இருவரும் பாடையருகே காவல் இருக்கிறோம், கண்ணீரோடு அழைக்கிறோம், படுக்கையில் திரும்பிப் படு, எங்களைப் பார், பேசு. ஐசிஸின் வரிகளில் மனைவியின் ஏக்கமும் உடலின் ஆசையும் தூக்கலாக இருக்கின்றன. நெப்திஸின் வரிகளிலும் அன்பு உண்டு. ஆனால் என் செவிக்கு அது உடன்பிறந்தவளின் குரலாகவே படுகிறது. இந்த வேறுபாட்டை எல்லா அறிஞரும் ஒப்புக்கொள்வதில்லை, இருவர் சொற்களும் பல இடங்களில் ஒன்றாகவே இருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தெய்வத்தின் இடத்தில் அமர்ந்து அழுத பெண்களுக்கும் வயிறு இருந்தது என்பதைக் காட்டும் ஆவணங்களும் இருக்கின்றன. கி.மு. 164-இல் மெம்பிஸில் புனித ஆப்பிஸ் காளை இறந்தபோது, சக்காராவின் செராப்பிஸ் கோயிலில் இருந்த தாவேஸ், தாவுஸ் என்னும் இரட்டைப் பெண்கள் ஐசிஸாகவும் நெப்திஸாகவும் அமர்ந்து அந்தக் காளைக்குத் துக்கம் காத்தார்கள். அவர்களுடைய தாய், தன் கணவனை விட்டுவிட்டு ஒரு கிரேக்கப் படைவீரனோடு போய்விட்டாள். தந்தையின் சாவுக்குப் பிறகு போக்கிடம் இல்லாமல் கோயிலுக்கு வந்தவர்கள். சடங்குக்காக அவர்களுக்குத் தினப்படி அப்பமும், ஆண்டுக்கு நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் தருவதாக ஏற்பாடு. அது ஒழுங்காக வந்து சேரவில்லை. கோயிலிலேயே அடைபட்டு வாழ்ந்த தாலமையோஸ் என்னும் மக்கெதோனியர் அவர்களுக்காக அதிகாரிகளுக்கும் அரசருக்கும் கிரேக்க மொழியில் எழுதிய மனுக்கள் கட்டுக்கட்டாகப் பிழைத்திருக்கின்றன. நெப்திஸின் வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றும் பகுதி இதுதான்: தெய்வமாக அமர்ந்து அழுதவள், எண்ணெய்ப் பங்குக்காக மனுப் போட வேண்டியிருந்தது.

சவப்பெட்டிக் காவலைப் பற்றி நீங்கள் கேட்டது இதன் நேரடி விளைவு. படகில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்ற இரு பெண்களே பெட்டியின் மேல் ஓவியமாக நிலைத்துவிட்டார்கள். கோயிலில் விழா நாளில் மட்டும் கேட்ட அழுகை பெட்டிக்குள் எந்நாளும் தொடர வேண்டும் என்பதற்காக. பொது வழக்கில் தலைமாடு நெப்திஸுடையது, கால்மாடு ஐசிஸுடையது. நெப்திஸ் பொன்னைக் குறிக்கும் எழுத்தின் மேல் மண்டியிட்டு, இரு கைகளையும் உயர்த்தியபடி இருப்பாள். உடலிலிருந்து எடுத்த உள்ளுறுப்புகளை வைக்கும் நான்கு குடங்களிலும் அவளுக்குப் பங்கு உண்டு: நுரையீரலைக் காப்பவன் குரங்குத் தலை கொண்ட ஹாப்பி, அவனைக் காப்பவள் நெப்திஸ். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துத்தன்காமனின் கல்லறையில் இந்தக் குடங்களுக்கான பொன் தகடு போர்த்திய பேழையைச் சுற்றி நான்கு தேவியர் கைகளை விரித்தபடி நிற்கிறார்களே, அவர்களில் ஒருத்தி இவள்தான். மற்றவர்கள் ஐசிஸ், நெய்த், செர்க்கெத்.

அவள் சாவுக்கு மட்டும் உரியவள் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு ஒரு பழங்கதை போதும். வெஸ்ட்கார் சுவடி என்ற பெயரில் பெர்லினில் இருக்கும் தொகுப்பில், ருத்ஜெதெத் என்னும் பெண் மூன்று குழந்தைகளைப் பெற முடியாமல் தவிக்கிறாள். அந்த மூவர்தான் ஐந்தாம் அரசமரபின் முதல் மூன்று மன்னர்கள் ஆகப்போகிறவர்கள். ஐசிஸ், நெப்திஸ், மெஸ்கெநெத், ஹெக்கெத் ஆகிய தேவியர் ஆடல் பாடல் பெண்களாக வேடமிட்டு வந்து பேறு பார்க்கிறார்கள். அப்போது ஐசிஸ் அவளுக்கு முன்னால் இருக்கிறாள், நெப்திஸ் பின்னால் இருக்கிறாள். பிரசவத்தில் முன்னும் பின்னும், பாடையில் காலும் தலையும்: இருவருடைய இருப்பிடம் மாறவேயில்லை. பிரமிடுப் பாடல்களிலும் ஐசிஸ் அரசனைச் சீராட்டுகிறாள், நெப்திஸ் பால் கொடுக்கிறாள். சாவை மறுபிறப்பாகக் கண்டவர்களுக்கு மருத்துவச்சியும் ஒப்பாரிக்காரியும் ஒருத்தியாக இருப்பதில் முரண்பாடு எதுவும் தெரிந்திருக்காது.

இனி நீங்கள் மிகவும் எதிர்பார்க்கும் கள்ளக் காதல் கதை. புளூட்டார்க், டெல்பியில் பூசாரியாக இருந்த கிளியா என்னும் அம்மையாருக்காக ஐசிஸ், ஒசைரிஸ் பற்றி எழுதிய நூலில் அது வருகிறது. ஒசைரிஸ், ஐசிஸ் என்று எண்ணி மயங்கி நெப்திஸோடு கூடிவிட்டான்; அவன் அவளிடம் விட்டுச் சென்ற மெலிலோட்டஸ் மலர்மாலை ஐசிஸுக்குத் துப்புக் கொடுத்தது; சேத்துக்கு அஞ்சி நெப்திஸ் பிள்ளையைப் பிறந்தவுடன் வெளியே விட்டுவிட்டாள்; நாய்கள் வழிகாட்ட ஐசிஸ் அரும்பாடுபட்டுத் தேடி எடுத்து வளர்த்தாள்; அவனே அவளுக்குக் காவலனான அனுபிஸ். இந்த வடிவத்தில் நெப்திஸ் துரோகி என்பதை விட, ஐசிஸ் சக்களத்திப் பொறாமை இல்லாதவள் என்பதே மேலோங்கி நிற்கிறது. காணொளிகள் அந்தப் பகுதியை ஏனோ வெட்டிவிடுகின்றன. புளூட்டார்க் தாமே அதை நேர்ப் பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் முக்கியம். ஒசைரிஸ் நைல் நதி, ஐசிஸ் அது நனைக்கும் வயல், நெப்திஸ் மலையையும் கடலையும் தொடும் விளிம்பு நிலம். பெருவெள்ளம் கரை மீறி அந்த விளிம்பு வரை போய், அங்கே செடி முளைத்தால் அதுவே கள்ளக் கூட்டம் என்று விளக்குகிறார். நெப்திஸுக்கு ‘முடிவு’ என்று பொருள்படும் பெயர் உண்டு என்று எழுதுபவரும் இவரே. அவளைச் சாவின் தெய்வம் என்று அழைக்கும் பிற்கால வழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் இது கிரேக்கர் கட்டிய கதையா? அப்படிச் சொல்லவும் நான் துணிய மாட்டேன். பாரிஸில் உள்ள பெரிய மந்திரச் சுவடி ஒன்றில், பழைய காப்டிக் மொழியில் எழுதிய வசிய மந்திரம் இருக்கிறது. அதில் ஐசிஸ் நண்பகலில் மலையிலிருந்து புழுதி படிந்தவளாக அழுதுகொண்டு வந்து, நெப்திஸ் என் ஒசைரிஸோடு கூடுகிறாள் என்று தோத்திடம் முறையிடுகிறாள். ஆகவே எகிப்தியர் வாயிலும் அந்தக் கதை இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சுவடி கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய காலத்து எழுத்துகளில் அனுபிஸின் தாயாகச் சொல்லப்படுபவர்கள் வேறு. பசு வடிவான ஹெசத் ஓரிடத்தில், பாஸ்தெத் ஓரிடத்தில். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: நெப்திஸை அனுபிஸின் தாயாக்கும் தெளிவான சான்றுகள் பிற்காலத்தவை, துத்தன்காமனின் பேழையைச் செய்த தச்சன் அந்தக் கதையைக் கேட்டிருந்தான் என்று கொள்ள ஆதாரம் இல்லை.

சேத்தின் மனைவி என்பதிலும் கொஞ்சம் நிதானம் தேவை. ஒன்பது தெய்வ வரிசையில் ஒசைரிஸும் ஐசிஸும் இணை என்றால் மிச்சமிருப்பவர்கள் சேத்தும் நெப்திஸும். பழைய பாடல்களில் இருவர் பெயரும் அடுத்தடுத்து வருவது உண்டு. ஆனால் அவர்களுடைய இல்லறத்தை விவரிக்கும் கதை அங்கே இல்லை. ராம்சேஸ் அரசர்கள் காலத்தில் சேத்துக்கு மதிப்பு உயர்ந்தபோது இருவரும் இணையராகவே காட்டப்பட்டார்கள். லூவர் அருங்காட்சியகத்தில் அவர்கள் அருகருகே நிற்கும் சிற்பம் ஒன்று இருக்கிறது. கொலைகாரனின் மனைவி கொலையுண்டவனுக்கு அழுவது நமக்கு நாடகமாகத் தோன்றுகிறது. நான் படித்த ஒப்பாரிகளில் அந்த முரணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அங்கே அவள் யாருக்கும் மனைவி அல்லள், ஒசைரிஸின் சகோதரி மட்டுமே.

கோயில் பற்றி: ஐசிஸுக்குப் பிலே தீவில் இருந்தது போலவோ, ரோமப் பேரரசு முழுவதும் பரவியது போலவோ நெப்திஸுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்குக் கோயிலே இல்லை என்று பல இடங்களில் எழுதியிருப்பது பிழை. ஐந்தாம் ராம்சேஸின் நான்காம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டு இன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள வில்பர் சுவடி ஒரு நிலவரிக் கணக்கு. அதில் செபர்மெரு என்னும் ஊரில் சேத்தின் கோயிலோடு சேர்ந்து நெப்திஸின் கோயிலுக்கும் நிலங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. தெய்வத்தைப் பற்றிய துதிப் பாடலை விட வரிக் கணக்கை நான் அதிகம் நம்புவேன். இல்லாத கோயிலின் பெயரில் யாரும் விளைச்சல் அளப்பதில்லை. தெற்கே எஸ்னாவுக்கு அப்பால் கோமிர் என்ற ஊரில் அனுக்கெத் என்னும் தேவிக்கும் நெப்திஸுக்கும் சேர்த்துக் கட்டிய கோயிலின் எச்சம் இருக்கிறது. ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸ் காலத்தில், அதாவது கி.பி. 138-க்கும் 161-க்கும் இடையில், அவளுக்கு ஒரு துதி அங்கே சுவரில் வெட்டப்பட்டது.

நெப்திஸை இருளின் ராணி, சூனியத்தின் தலைவி என்றெல்லாம் விவரிக்கும் பக்கங்களை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். அவற்றுக்கு ஒரு நூலிழை ஆதாரம் உண்டு: பிரமிடுப் பாடல் ஒன்று, சூரியனோடு பயணம் செய்யும் அரசன் ஐசிஸோடு பகல் படகில் ஏறுவதாகவும், நெப்திஸோடு இரவுப் படகில் இறங்கி இருளில் மறைவதாகவும் சொல்கிறது. இரவுப் படகு விடியலுக்குத்தான் போகிறது என்பதை அந்தப் பக்கங்கள் விட்டுவிடுகின்றன. 1904-இல் ஸ்கியாப்பரெல்லி கண்டுபிடித்த நெபர்த்தாரி அரசியின் கல்லறையில் இதற்கு அழகான விளக்கப்படம் இருக்கிறது: ஆட்டுத் தலையும் மம்மி உடலும் கொண்ட ஓர் உருவம், அதை இருபுறமும் தாங்கி நிற்கும் ஐசிஸும் நெப்திஸும், பக்கத்தில், சூரியத் தெய்வமான ராவைக் குறித்து, ‘ரா ஒசைரிஸில் இளைப்பாறுகிறான், ஒசைரிஸ் ராவில்’ என்ற எழுத்து.

இந்தப் படத்தையோ வேறு சவப்பெட்டிப் படங்களையோ இணையத்தில் தேடும்போது, கீழே உள்ள விளக்கத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இருவரையும் மாற்றிப் போட்ட குறிப்புகளை நிறையக் கண்டிருக்கிறேன். முதலில் பெட்டியில் எது தலைமாடு என்று பாருங்கள், பிறகு அங்கே கை உயர்த்தியிருப்பவளின் தலைக்கு மேல் பாருங்கள். மனையும் அதன் மேல் கூடையும் தெரிந்தால் அவள் நெப்திஸ். எதிர்ப்புறம், கால்மாட்டில், அரியணையைச் சுமந்திருப்பவள் அவளுடைய அக்கா.